கத்தோலிக்க வேதம் படிக்கணும், எங்கேந்து ஆரம்பிக்கது? மைக்செட் போடுறவன் கேக்கேன்

மைக்செட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு தக்கலை பக்கம், சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கேன், மைக்செட்டும் சீரியல் லைட்டும். அப்பா காலத்துலேந்தே கோயில் கொடை, பள்ளி (சர்ச்ச நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) திருவிழா, கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் நாங்கதான். இந்து குடும்பம், வீட்டுல சாஸ்தாவும் இசக்கியம்மனும்.

விஷயம் என்னன்னா ஒரு பள்ளிக்கு 11 வருசமா திருவிழா 10 நாளும் நான்தான் போடுகேன். கொடியேத்தம் முதல் தேர் வரைக்கும் ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, வேற வழியில்லாம பிரசங்கம் கேட்டு கேட்டு, மொதல்ல சும்மா காதுல விழுந்தது, பெறகு ஒரு கட்டத்துல வேலை இல்லாத நாளும் போய் நிக்க ஆரம்பிச்சிட்டேன். குறிப்பா பாஸ்கா ராத்திரி, ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி. அன்னைக்கு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுறது நான்தான், வெளிய தீ மூட்டி பெரிய மெழுகுதிரி கொளுத்தி இருட்டுக்குள்ள கொண்டு வருவாவ, ஒவ்வொருத்தரு கையிலயும் ஒண்ணுலேந்து ஒண்ணுக்கா பத்த வச்சு பள்ளியே மெழுகுதிரி வெளிச்சமா ஆயிடும், பெறகு வாசகம் வாசகமா போய் "வானவர் கீதம்" பாடும்போ மணியெல்லாம் அடிக்கும், அப்பம் நான் மெயின போடணும். ஒரு வருசம் அத போட மறந்துட்டு நிண்ணேன். பள்ளி வேலையெல்லாம் பாக்குற கோயில்பிள்ளை வந்து முதுகுல தட்டுனாரு. அன்னைக்குதான் தோணுச்சு, இதெல்லாம் என்னதுன்னு ஒழுங்கா படிச்சுதான் பாப்போமேன்னு.

திருவிவிலியம் வாங்கி முதல் பக்கத்துலேந்து ஆரம்பிச்சேன். தொடக்கநூல் நல்லா போச்சு, விடுதலைப்பயணம் பாதி வரைக்கும் போச்சு, லேவியர் வந்ததும் ஆட்டுக்க கொழுப்பு, ஈரல் மேல உள்ள சவ்வுன்னு போவுது, அங்கேயே நிண்ணாச்சு. போன்ல திருச்சபை மறைக்கல்வின்னு, சபைக்க நம்பிக்கைய பாடமா சொல்லுற ஒரு பிடிஎஃப் கிடைச்சுது, 2865 நம்பர் போட்ட பத்தி. பாத்ததும் மூடிட்டேன். யூடியூப்ல போனா ஒருத்தன் மாதாவ பத்தி ஏசுகான், இன்னொருத்தன் அவன ஏசுகான்.

கல்யாணத்துக்காக ஒண்ணும் இல்ல, கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. பங்கு சாமிய எனக்கு நல்லா தெரியும், ஆனா அவருக்கு நான் மைக்செட்டுக்காரன், "பேஸ் கொஞ்சம் கொற தம்பி"ங்கிறதுக்கு மேல பேசுனதில்ல. போய் கேட்டா உடனே ஞானஸ்நானம்னு நெனச்சிருவாரோன்னு ஒரு பயம். அம்மைக்கு தெரிஞ்சா அது வேற. அப்புறம் இன்னொண்ணு, கொடிமரத்துல உப்பும் நல்லமிளகும் போடுறாவளே, அதுவும் வேதத்துல உள்ளதா, இல்ல நம்ம ஊரு வழக்கமா? எது பாடம் எது பழக்கம்னு பிரிச்சு பாக்க தெரியல. தெரிஞ்சவிய சொல்லுங்க.

---

குருசடி_டீச்சர்:

தம்பி, லேவியர்ல நிண்ணது நீங்க மட்டும் இல்ல, ஞானஸ்நானம் வாங்கி அம்பது வருசம் ஆனவிய எங்க வீட்டுலயே ரெண்டு பேரு அங்கதான் நிக்காவ. நான் 22 வருசமா ஞாயித்துக்கிழம மறைக்கல்வி எடுக்கேன், எட்டாங்கிளாசு பிள்ளையளுக்கு. பெரியவிய வந்து கேக்கது ரொம்ப குறைவு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுகேன், பொறுத்துக்கோங்க.

அந்த 2865 பத்திய பாத்து மூடுனது சரிதான், அது நாவல் மாதிரி தொடக்கத்துலேந்து வாசிக்கிற புக்கு இல்ல. 1992ல ரெண்டாம் ஜான் பால் பாப்பரசர் வெளியிட்டது, முதல்ல ஆயருங்களுக்கும் பாடம் சொல்லிக்குடுக்கிறவியளுக்கும்னுதான் எழுதுனாவ. நாலு பாகம். என்ன நம்புகோம்ங்கிறது ஒண்ணு, அது விசுவாச அறிக்கைய பிரிச்சு பிரிச்சு சொல்லும். ரெண்டாவது ஏழு அருளடையாளமும் (ஞானஸ்நானம், கல்யாணம் மாதிரி உள்ள சடங்குங்க) வழிபாடும். மூணாவது பத்துக்கட்டளை, எப்படி வாழணும்னு. நாலாவது செபம். நான் என்ன சொல்லுவேன்னா நீங்க கடைசியிலேந்து ஆரம்பிங்க. ஏன்னா 2759லேந்து 2865 வரைக்கும் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" செபம் ஒண்ண மட்டும் வரி வரியா எடுத்து விளக்கியிருக்கு, உங்களுக்கு அந்த செபம் 11 வருசமா ஸ்பீக்கர்ல கேட்டு மனப்பாடமா இருக்கும். தெரிஞ்ச பாட்டுக்கு அர்த்தம் படிக்க மாதிரி. நூத்திச்சொச்சம் பத்திதான், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வாசிச்சா ஒண்ணரை மாசத்துல முடிஞ்சிரும். அது முடிஞ்ச பெறகு முதல் பாகத்துக்கு போங்க. பெரிய புக்கு முடியலன்னா 2005ல வந்த சுருக்கம் இருக்கு, 598 கேள்வி பதில். எனக்கு அது கொஞ்சம் வறட்சியா தோணும், ஆனா சிலருக்கு கேள்வி பதில்தான் மண்டையில ஏறும்.

பைபிளுக்கு, மாற்கு நற்செய்தி 16 அதிகாரம்தான், ஒரு ராத்திரில வாசிச்சிரலாம். அதுக்கு பெறகு லூக்கா, விட்டுடாம உடனே திருத்தூதர் பணிகள், ரெண்டும் ஒரே ஆளு எழுதுனது, ஒரு கதைக்க ரெண்டு பாகம் மாதிரி. பழைய ஏற்பாட்டுக்கு தனியா கஷ்டப்பட வேண்டாம், ஞாயித்துக்கிழம முதல் வாசகம் அநேகமா அதுலேந்துதான் வரும், நற்செய்திக்கு ஒத்து வர மாதிரி தேடி வச்சிருப்பாவ. ஒரு வருசம் மத்தேயு, அடுத்த வருசம் மாற்கு, மூணாவது வருசம் லூக்கா, யோவான் தவக்காலத்துலயும் பாஸ்கா காலத்துலயும் நெறைய வரும். சனிக்கிழம ராத்திரியே அடுத்த நாள் வாசகத்த வீட்டுல ஒருக்கா வாசிச்சிட்டு போங்க. நீங்கதான் மைக்குக்கு பக்கத்துல இருப்பியளே, ஒரு வார்த்த விடாம கேக்கும்.

நீங்க சொன்ன பாஸ்கா ராத்திரிக்கு வாறேன். அந்த ராத்திரிக்கு பழைய ஏற்பாட்டுலேந்து மட்டும் ஏழு வாசகம் வச்சிருக்கு, நேரம் ஆயிரும்னு பல பள்ளியள்ல கொறச்சிருவாவ, ஆனா செங்கடல கடந்த வாசகத்த மட்டும் விடக்கூடாது. எதுக்குன்னா ஆதியிலேந்தே பெரியவியளுக்கு ஞானஸ்நானம் குடுக்க ராத்திரி அது. வருசக்கணக்கா பாடம் கேட்டவிய அந்த ராத்திரிதான் தண்ணியில இறங்குவாவ. நீங்க மெயின ஆஃப் பண்ணி ஆன் பண்ணுறது யாருக்காகன்னு இப்பம் புரியுதா? இதெல்லாம் நீங்க புக்கு இல்லாமலே பாதி படிச்சாச்சு தம்பி.

சாமிகிட்ட போறதுக்கு பயப்படாதிய. ஞாயித்துக்கிழம காலைல போவாதிய, அன்னைக்கு அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கிழம நாள் சாயங்காலம் பூசை முடிஞ்சு போய், "சேரணும்னு சொல்லல சாமி, படிக்கணும்"னு அப்படியே சொல்லுங்க. அந்த முதல் கட்டத்துக்கே சபையில இடம் உண்டு. 1972ல பெரியவியளுக்குன்னு தனி முறை ஒண்ணு போட்டாவ, முதல்ல சும்மா கேட்டு விசாரிக்க காலம், பெறகுதான் பயிற்சி காலம், அதுக்கு நுழையவே ஒரு சடங்கு உண்டு, பெறகு தவக்காலத்துல நெருங்கின தயாரிப்பு, பாஸ்காவுக்கு ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நன்மை (பூசையில குடுக்க அப்பம்) மூணும் சேந்து. எந்த கட்டத்துலயும் நீங்க "இப்பம் வேண்டாம்"னு நிக்கலாம். உங்க வாயால நீங்க கேக்காம யாரும் ஞானஸ்நானம் குடுக்க முடியாது, சபைச் சட்டமே அப்படித்தான். அதுவரைக்கும் பூசைக்கு வாங்க, பாட்டு பாடுங்க, முழங்கால்படியிடுங்க, நன்மை வாங்க மட்டும் வரிசையில போவாதிய.

உப்பு நல்லமிளகு வேதத்துல இல்ல, பழக்கம்தான். தப்புன்னு சொல்லமாட்டேன், எனக்க அம்மையும் எனக்கு மேலுக்கு சொகமில்லாதப்ப போட்டிருக்காவ. இப்படிப்பட்ட மக்கள் பக்திய பத்தி அந்த பெரிய புக்குல 1674லேந்து மூணு பத்தி இருக்கு, வழிபாட்டுக்கு கூட்டிட்டு போவணும், அதுக்கு பதிலா நிக்கக்கூடாதுங்கிறதுதான் சாரம். எது பாடம் எது பழக்கம்னு தெரியணும்னா எனக்க வழி ஒண்ணுதான், விசுவாச அறிக்கையில இருக்கா, அருளடையாளத்துல இருக்கா, கட்டளையில இருக்கா, செபத்துல இருக்கா? நாலுலயும் ஒட்டலன்னா அது அநேகமா நம்ம ஊரு சமாச்சாரம்.

---

வெட்டோத்தி:

அண்ணா இவ்வளவு எதுக்கு, யூடியூப்ல ஒரு டிபேட் இருக்கு 4 மணிநேரம், கத்தோலிக்கர் vs பெந்தகொஸ்து, அத பாத்தா எல்லா டவுட்டும் கிளியர். மாதா இந்த வருசம் குடுத்த ரகசிய செய்தின்னு வாட்சப்லயும் ஒண்ணு சுத்துது, நம்பர் அனுப்புங்க பார்வர்டு பண்ணுகேன்.

---

குருசடி_டீச்சர்:

வெட்டோத்தி தம்பி, வேண்டாம். அந்த பெரிய புக்குல 67வது நம்பர் பத்திய வாசிச்சு பாருங்க. சபை ஏத்துக்கிட்ட காட்சியா இருந்தாக்கூட அது விசுவாசத்துக்க பகுதி கிடையாதுன்னு அங்க தெளிவா இருக்கு, பின்னல்லா வாட்சப். புதுசா வாறவருக்கு கறிக்கு முன்ன ஊறுகாய வச்சு குடுக்கப்பிடாது.

---

பரமண்டலம்:

நான் மார்த்தாண்டம் பக்கம், சிஎஸ்ஐ (புராட்டஸ்டண்ட் சபை) குடும்பத்துலேந்து கத்தோலிக்க வீட்டுக்கு வந்தவ. என் கதைய சொன்னா உங்களுக்கு எப்படி படிக்கக்கூடாதுன்னு தெரியும். எனக்கு கல்யாணத்துக்கு முன்ன மூணு சனிக்கிழம கிளாஸ், அவ்வளவுதான். ஏற்கனவே தண்ணியில பிதா சுதன் பரிசுத்த ஆவி பெயரால ஞானஸ்நானம் எடுத்திருந்ததால திரும்ப எடுக்க வேண்டாம்னு சொன்னாங்க, அது ஒண்ணுதான் நிம்மதி, விசுவாச அறிக்கை சொல்லி உறுதிப்பூசுதல் வாங்கி முடிஞ்சுது. மூணு சனிக்கிழமயில என்னத்த படிக்க?

கல்யாணம் ஆன முதல் வாரம், சாயங்காலம் மாமியார் வீட்டுல எல்லாரும் செபமாலைக்கு முட்டுப்போட்டாச்சு. மாமியார் பழைய ஆளு, "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக"ன்னு ஆரம்பிக்க, நாத்தனார் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே, உமது பெயர் தூயது எனப் போற்றப்பெறுக"ன்னு போக, நான் பழக்கத்துல சத்தமா "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக"ன்னு சொல்லிட்டேன். ஒரே செபம், ஒரே ரூம், மூணு தமிழு. நாத்தனார் சிரிச்சா, நான் அழுதுட்டேன். என் பேர பாத்தா புரியும்.

அதுக்கப்புறம்தான் நானா படிக்க ஆரம்பிச்சது. எனக்கு கெடச்ச நல்ல வாத்தியார் யாருன்னா அந்த மாமியார்தான், ஆறாங்கிளாசு வரைக்கும் படிச்சவங்க. பழைய விசுவாசப் பிரமாணத்துல ஒரு வரி உண்டு, "அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனத்தை விசுவசிக்கிறேன்"ன்னு. அது என்னன்னு கேட்டேன். "செத்தவியளும் நம்மளும் ஒரு குடும்பம், ஒருத்தருக்க செபம் இன்னொருத்தருக்கு உதவும்"னாங்க. புது தமிழ்ல "புனிதர்களின் சமூக உறவை நம்புகிறேன்"னு வருது. நான் வளந்த இடத்துல செத்தவங்களுக்கு செபிக்கது கிடையாது, மாதாகிட்ட "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்"னு கேக்கதும் கிடையாது, ரெண்டுமே எனக்கு முள்ளா இருந்துது. ரெண்டுக்கும் வேர் அந்த ஒரு வரியிலதான் இருக்குன்னு அவங்க சொன்ன அன்னைக்குதான் பிடிபட்டுது, பெறகு பெரிய புக்குல 946லேந்து வாசிச்சா அதேதான் இன்னும் விவரமா இருக்கு. முழுசா சமாதானம் ஆக எனக்கு நாலு வருசம் ஆச்சு, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, நீங்க வாங்குன பைபிள்ல 73 புக்கு இருக்கான்னு பாருங்க. திருவிவிலியம்னு போட்ட 1995 பொது மொழிபெயர்ப்புலயே இணைத்திருமுறை நூல்கள்னு சேத்து போட்ட பதிப்பும் உண்டு, சேக்காத பதிப்பும் உண்டு. எங்க வீட்டு பழைய பைபிள்ல 66தான். கூட உள்ள ஏழுல தோபித்து முதல்ல வாசிங்க, 14 அதிகாரம், நல்ல கதை, மாமியார் மருமகன் சண்டை இல்லாத ஒரே கல்யாணக் கதை.

---

ரப்பர்வெட்டு:

ஒரு விஷயம் யாரும் சொல்லல. நம்ம ஜில்லாவுல கத்தோலிக்கம்னா ஒரு விதம் மட்டும் இல்ல. கோட்டாறு மறைமாவட்டமும் 2014ல அதுலேந்து பிரிஞ்ச குழித்துறை மறைமாவட்டமும் லத்தீன். மார்த்தாண்டம் மறைமாவட்டம் சீரோ மலங்கரை, தக்கலை சீரோ மலபார், ரெண்டும் 1996ல வந்தது. நான் மலங்கரை, நாங்க ஃபாதர்னு விளிக்க மாட்டோம், அச்சன்னுதான் விளிப்போம், குர்பானாவுல (எங்க பூசை) தூபமும் திரையும் எல்லாம் இருக்கும். புதுசா வாறவரு ஒரு நாள் அங்கயும் ஒரு நாள் இங்கயும் போனா இது வேற சபையோன்னு தெகைச்சுப் போவாரு. இல்ல, ஒரே பாப்பரசரு, ஒரே ஏழு அருளடையாளம், அந்த 2865 எல்லாருக்கும் பொது. வழிபாட்டு முறையும் ஆயரும் நிர்வாகச் சட்டமும் வேற. இப்படி லத்தீனோட சேத்து உலகத்துல 24 தனிச் சபைகள் உண்டு.

14 வயசு முடிஞ்சவரு ஞானஸ்நானம் வாங்கும்போ எந்த சபையில சேரணும்னு அவரே தேர்ந்தெடுக்கலாம், சட்டத்துல உண்டு. அதனால அவசரப்படாம ஒரு நாள் எங்க குர்பானாவும் வந்து பாருங்க அண்ணா. மைக்செட் வாடகை வேண்டாம், சும்மா வாங்க.

---

பழையபுத்தகம்:

டீச்சர் சொன்னதுக்கு ஒரு ஒட்டு. தனியா பிடிஎஃப் வச்சு படிக்கது இந்த மண்ணுக்கு புதுசு, இங்க வேதம் வந்ததே வாய் வழியாக்கும். 1544 கடைசியில சவேரியார் நம்ம கடற்கரை வழியா போனப்போ ஒரே மாசத்துல 10,000 பேருக்கு மேல ஞானஸ்நானம் குடுத்ததா அவரே லெட்டர்ல எழுதியிருக்காரு. இன்னைக்கு கணக்குல பாத்தா அதிவேகம்தான், எனக்கு அது கொஞ்சம் உறுத்தும். ஆனா அவரு அதோட விடல. அதுக்கு முந்தியே தூத்துக்குடி பக்கம் ஆளுங்கள வச்சு விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளையையும் செபத்தையும் தமிழ்ல ஆக்கி மனப்பாடம் பண்ணி, மணி அடிச்சு பிள்ளையள கூட்டி, ஒவ்வொரு வரியா சொல்லி நிறுத்தி "இத நம்புறியளா?"ன்னு கேப்பாராம், சனங்க நெஞ்சுல கைய குறுக்க வச்சு நம்புகோம்னு சொல்லுவாவளாம். ஒவ்வொரு ஊருலயும் ஒரு கணக்கப்பிள்ளைய வச்சிட்டு போனாரு, தொடர்ந்து சொல்லிக்குடுக்க. நம்ம உபதேசியார், கோயில்பிள்ளை எல்லாம் அந்த வழியில வந்தவியதான்னு நான் நெனைக்கேன்.

அப்புறம் இது சும்மா பெருமைக்கு, இந்தியாவுல அச்சடிச்ச முதல் தமிழ் புக்கு என்னன்னு தெரியுமா? தம்பிரான் வணக்கம். 1578, கொல்லத்துல அச்சாச்சு, அண்டிரீக் பாதிரியார் தமிழாக்குனது. கதையும் இல்ல கவிதையும் இல்ல, மறைக்கல்வி புக்கு. மொத்தம் 16 பக்கம். 2865 பத்திய பாத்து பயந்தவருக்கு 16 பக்கம் ஆறுதலா இருக்கும்னு சொன்னேன்.

நட்டாலத்து தேவசகாயமும் அப்படித்தானே. மார்த்தாண்டவர்மா அரண்மனையில வேலை பாத்தவரு, முதல்ல பாடம் கேட்டது சாமியார்கிட்ட இல்ல, குளச்சல் சண்டையில பிடிபட்ட டச்சுக் கேப்டன் டிலனாய்கிட்ட, அதுவும் யோபு கதையிலேந்து. அப்புறம்தான் வடக்கன்குளம் போய் 1745ல ஞானஸ்நானம். பட்டாளத்துக்காரன்கிட்ட படிச்சவரு 2022ல புனிதர் ஆனாரு, நீங்க கோயில்பிள்ளைகிட்ட கேட்டு படிச்சா என்ன கொறஞ்சு போச்சு.

---

மைக்செட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு வாறேன், சீசன், வேலை அப்படி.

டீச்சர் சொன்ன மாதிரி ஒரு வியாழக்கிழம சாயங்காலம் சாமிகிட்ட போனேன். "சேரணும்னு சொல்லல சாமி"ன்னு ஆரம்பிச்சதும் அவரு பேசவிடாம "வீட்டுல அம்மைகிட்ட சொன்னியா?"ன்னு கேட்டாரு. இல்லன்னேன். மொதல்ல அத சொல்லு, மறைச்சு படிக்காதன்னாரு. சொன்னேன். அம்மை ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் "படி, ஆனா கொடைக்கு லைட்டு நீதான் போடணும்"னாவ. அது எப்பமும் நான்தானே போடுகேன்.

இப்பம் ஞாயித்துக்கிழம எட்டாங்கிளாசு மறைக்கல்வியில கடைசி பெஞ்சு. பிள்ளையளுக்கு ஒரே சிரிப்பு. முதல் நாள் கேள்வி கேட்டாவ, அருளடையாளம் எத்தனைன்னு, முன்பெஞ்சு பய அஞ்சு சொல்லி நிண்ணுட்டான், நான் ஏழையும் சொன்னேன், 11 வருசம் ஸ்பீக்கர் பக்கத்துல உக்காந்ததுக்கு அவ்வளவாவது வரண்டாமா. கடைசியிலேந்து வாசிக்கது நல்லா போவுது, "அன்றாட உணவு" வரைக்கும் வந்தாச்சு.

நம்ம பைபிள்ல 73 இருக்கு, எண்ணிப் பாத்தேன். தோபித்தும் ஆரம்பிச்சேன் அக்கா. ஒரு டவுட்டு. பையன் வானதூதரோட பயணம் பொறப்படும்போ கூட ஒரு நாயும் போவுது. அது எதுக்குன்னு ஒரு விளக்கமும் இல்ல. யாருக்க நாய் அது?

---

பரமண்டலம்:

நானும் மாமியார்கிட்ட இதேதான் கேட்டேன்! யாருக்குன்னு அவங்களுக்கும் தெரியல. 11ஆம் அதிகாரம் வரைக்கும் வாசிங்க, அது வீட்டுக்கு திரும்பியும் வரும்.